பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று வந்தால் டிரைவரை அழிக்காதீர்கள்

யுஎஸ்பி மட்டுமே உள்ள பழைய பிரிண்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, வைஃபை இல்லை என்பதற்காக அதைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது. சின்னதாக ஒரு பிரிண்ட் சர்வர் பெட்டியை வாங்கி, ஒரு பக்கம் பிரிண்டரையும் மறுபக்கம் ரூட்டரையும் இணைத்துவிட்டால் வீட்டிலுள்ள எல்லா லேப்டாப்பிலிருந்தும் அச்செடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிள்ளையின் ஹால் டிக்கெட்டை அவசரமாக எடுக்க வேண்டிய காலையில் 'ஆஃப்லைன்' என்று வந்து நிற்கும். உடனே பலரும் செய்வது, பிரிண்டரை ரிமூவ் செய்துவிட்டு, அதோடு பேசக் கணினிக்கு உதவும் மென்பொருளான டிரைவரை மறுபடி இன்ஸ்டால் செய்வது. இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

நேற்று வரை வேலை செய்த டிரைவர் இரவோடு இரவாகக் கெட்டுப்போவது அபூர்வம். கெட்டிருப்பது பெரும்பாலும் கணினிக்கும் பிரிண்டருக்கும் நடுவே உள்ள வழி. பிரிண்டரையும் டிரைவரையும் அழிக்கும்போது, தரவு எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் சரியான போர்ட்டோடு இருந்த தொடர்பும் அறுந்துவிடுகிறது. விண்டோஸ் தானாகவே வேறொரு போர்ட்டை உருவாக்கும். பட்டியலில் 'காப்பி 1', 'காப்பி 2' என்று ஒரே பிரிண்டர் மூன்று முறை நிற்கும். அப்புறம் எது சரியானது என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிடும்.

முதலில் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று பாருங்கள். பிரிண்டரிலேயே டெஸ்ட் பேஜ் எடுக்கும் வசதி இருக்கும். அது வந்தால் இயந்திரம் நலம். அடுத்து, யுஎஸ்பி கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி லேப்டாப்பில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். அதிலும் வந்தால் கேபிளும் நலம். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டில் பெட்டியின் ஐபி முகவரிக்கு, அதாவது நெட்வொர்க்கில் அதற்குள்ள எண்ணுக்கு, 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங் கொடுங்கள். பதில் வந்தால் அதே முகவரியை பிரவுசரில் திறந்து பாருங்கள். பெரும்பாலான பெட்டிகளுக்குச் சொந்தமாக ஒரு பக்கம் உண்டு. யுஎஸ்பியில் பிரிண்டர் தெரிகிறதா, தயாராக இருக்கிறதா என்று அதில் போட்டிருக்கும். பத்து நிமிட வேலைதான், குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

பிங்குக்குப் பதில் வரவில்லையென்றால் முதல் சந்தேகம் ஐபி முகவரி மீதுதான். கரண்ட் போய் வரும்போது ரூட்டரும் பெட்டியும் ஒரே நேரத்தில் உயிர் பெறுகின்றன. பெட்டி சில நொடிகளில் தயாராகி ரூட்டரிடம் முகவரி கேட்கும். ரூட்டர் எழுந்திருக்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். பதில் கிடைக்காத பெட்டி, தொழிற்சாலையில் போட்டுவிட்ட பழைய முகவரிக்கோ 169.254 என்று தொடங்கும் முகவரிக்கோ போய்விடும். கணினி மட்டும் ரூட்டர் முன்பு கொடுத்த முகவரிக்கே, உதாரணமாக 192.168.1.50க்கே, அச்சு வேலையை அனுப்பிக்கொண்டிருக்கும். இப்படி ஆனால் ரூட்டர் முழுதாக வந்த பிறகு பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டாலே பெரும்பாலும் சரியாகும். ரூட்டர் வேறு முகவரி கொடுத்திருந்தால்தான் சிக்கல் நீடிக்கும்.

நிரந்தரத் தீர்வு என்று நினைத்துப் பெட்டியில் ஏதோ ஒரு முகவரியை நிலையாகப் போட்டுவிடுவது அடுத்த தவறு. அது ரூட்டர் மற்ற சாதனங்களுக்கு வழங்கும் வரம்புக்குள் இருந்தால், ஒருநாள் அதே முகவரி யாருடைய போனுக்காவது போய்விடும். இரண்டும் மோதிக்கொள்ளும், சில நேரம் அச்சு வரும், சில நேரம் வராது. அதைவிட, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும், அதற்கே உரிய அடையாள எண்ணான மேக் முகவரியைப் பார்த்து, சாதனங்களுக்கு முகவரி வழங்கும் ரூட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் அதற்கென ஒரு முகவரியை ரிசர்வ் செய்துவிடுவதே நல்லது. புது ஃபைபர் இணைப்போடு ரூட்டரும் மாறினால் இதை மறுபடி செய்ய வேண்டும்.

பிங் போகிறது, பெட்டியின் பக்கமும் திறக்கிறது, ஆனாலும் விண்டோஸ் 'ஆஃப்லைன்' என்றே சொல்கிறதா? பலரைக் குழப்புவது இந்த நிலைதான். பிரிண்டர் நலமா என்று விண்டோஸ் எஸ்என்எம்பி என்ற முறையில் கேட்கிறது. மலிவான பெட்டிகள் பலவற்றுக்கு அதற்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியாது. பதில் இல்லாததை விண்டோஸ் 'பிரிண்டர் இல்லை' என்று எடுத்துக்கொள்கிறது. பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ், அங்கே கான்ஃபிகர் போர்ட் என்று போனால் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு' என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். அதே ஜன்னலில், தரவை அனுப்ப ரா, எல்பிஆர் என்று இரண்டு வழிகள் இருப்பதையும் கவனியுங்கள். ரா என்றால் போர்ட் எண் வழக்கமாக 9100. எல்பிஆர் என்றால் வரிசையின் பெயரைப் பெட்டியின் கையேட்டில் உள்ளபடி அப்படியே கொடுக்க வேண்டும். பெயர் தவறினால் அச்சு வேலை பெட்டிக்குள் போய்ச் சேராது.

எல்லாம் சரியாக இருந்தும் சில பிரிண்டர்கள் பெட்டி வழியாக அசையவே அசையாது. எச்பி லேசர்ஜெட் 1020ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தன்னை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரை அது உள்ளே சேமித்து வைப்பதில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் அதை ஏற்ற வேண்டும். சாதாரணப் பெட்டிக்கு அது தெரியாது. கேனான் எல்பிபி 2900 கணினியோடு இருவழியாகப் பேசிக்கொண்டே அச்சிடும் வகை. ஒருவழியாகத் தரவைத் தள்ளிவிடும் பெட்டியோடு அதற்கு ஒத்துவராது. நேரடியாகச் செருகினால் இவை அழகாக வேலை செய்வதால், பெட்டி பழுது என்று நினைத்து மாற்றி மாற்றி வாங்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். வாங்குவதற்கு முன்பே பெட்டித் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். 1020 போன்றவற்றுக்கு ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில், அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ் என்ற மென்பொருளைப் போடுவது பணத்துக்கும் நேரத்துக்கும் தகும். அந்த மாடலுக்கேற்ற டிரைவரையும் ஃபர்ம்வேர் கோப்பையும் அதில் சேர்த்துவிட்டால், ஃபர்ம்வேரை ஏற்றும் வேலையை அந்தக் கணினியே பார்த்துக்கொள்ளும்.

ஆல்-இன்-ஒன் பிரிண்டரில் ஸ்கேன் வரவில்லை என்பதும் பழுதல்ல. சாதாரணப் பெட்டி அச்சை மட்டுமே கடத்தும். ஸ்கேனும் தரும் பெட்டிகளுக்கென்று தனி மென்பொருள் உண்டு. அதில் ஒரு நேரத்தில் ஒரு கணினிதான் பிரிண்டரைப் பிடித்துக்கொள்ள முடியும். அது விடும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

தாள் வரவில்லை என்று பிரிண்ட் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். முதல் வேலை பாதியில் நின்றிருந்தால் பின்னால் வருபவை எல்லாம் அதன் பின்னே நிற்கும். பாதியில் அறுந்த தரவு சில நேரம் பக்கத்துக்கு ஒரு வரி புரியாத எழுத்துகளாகக் கட்டுக்கட்டாகத் தாளைத் தின்னும். அப்போது தாள் தட்டை வெளியே இழுத்துவிட்டு, பிரிண்டரையும் பெட்டியையும் அணையுங்கள். விண்டோஸ் சர்வீசஸில், அச்சு வேலைகளை வரிசையில் வைக்கும் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் உள்ள கோப்புகளை மட்டும் அழித்துவிட்டு ஸ்பூலரை மறுபடி தொடங்குங்கள். பிரிண்டரை முதலில் ஆன் செய்து, அது தயாரானதும் பெட்டிக்குக் கரண்ட் கொடுங்கள்.

ஒரு லேப்டாப்பில் மட்டும் வரவில்லையென்றால் பெட்டியைத் தொடவே தேவையில்லை. அந்த லேப்டாப் கெஸ்ட் வைஃபையில் இருக்கலாம். ஆபீஸ் நெட்வொர்க்கோடு மறைவான பாதையில் இணைக்கும் விபிஎன் ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டுமே வீட்டு நெட்வொர்க்கிலுள்ள சாதனங்களை மறைத்துவிடக்கூடியவை.

வெளியூரிலிருந்தும் அச்செடுக்கலாமே என்று ரூட்டரில் 9100ஐ இணையத்துக்குத் திறந்துவிடுவதை மட்டும் செய்யவே கூடாது. அந்தப் போர்ட் கடவுச்சொல் எதையும் கேட்காது, வந்ததை அச்சடிக்கும். 2018 நவம்பரில் ஒருவர் இப்படித் திறந்து கிடந்த பிரிண்டர்களைத் தேடிப் பிடித்து, உலகெங்கும் யூடியூபர் ஒருவருக்கு ஆதரவான தாளை அச்சடிக்க வைத்தார். சுமார் 50,000 பிரிண்டர்கள் என்று அவரே சொன்னார். வெளியிலிருந்து அச்செடுக்க வேண்டுமானால் வீட்டு ரூட்டரில் விபிஎன் அமைத்து அதன் வழியாக உள்ளே வாருங்கள். பெட்டியோடு வந்த அட்மின் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.