கடுகு வெடிக்கும் எல்பியிலிருந்து பெவர்லி கென்னியை மீட்பது எப்படி?

பெவர்லி கென்னி என்று ஒரு ஜாஸ் பாடகி. 1950களில் ஆறே ஆறு எல்பி இசைத்தட்டு. மூன்று ரூஸ்ட் கம்பெனிக்கு, மூன்று டெக்காவுக்கு. 1960ல், 28 வயதில் இறந்துபோனார். அமெரிக்கா மறந்துவிட்ட இந்தக் குரலை ஜப்பான் ரசிகர்கள்தான் விடவில்லை. அங்கே மறுபதிப்புகள் வந்துகொண்டிருந்தன.

நான் ஆசைப்பட்டு வாங்கியது பழைய அமெரிக்கப் பிரதி. ஊசியை வைத்தால், கென்னிக்குப் பின்னால் யாரோ கடுகு தாளித்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சரிசெய்த விதம் கீழே. டர்ன்டேபிளை மட்டம் பார்த்து வைப்பது, ஊசியின் எடையைச் சரிசெய்வதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

படி 1: தேடுவது

மறந்துபோன பாடகியின் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. அதனால் பியானோக்காரரைப் பிடியுங்கள். எல்லிஸ் லார்கின்ஸ் 1950ல் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு வாசித்தவர். அவரே 1954ல் கிறிஸ் கானருக்கும், 1958ல் கென்னிக்கும் வாசித்திருக்கிறார். இன்னொரு பியானோக்காரர் ஜிம்மி ஜோன்ஸைப் பிடித்தால் சாரா வான், ஹெலன் மெரில் என்ற பாடகிகள் வழியாக மறுபடி கென்னியிடமே வந்து சேரலாம். குரலுக்கு இடம்விட்டு வாசிப்பது தனி வித்தை. அது கைவந்த சிலரைத்தான் ஆளாளுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இசைத்தட்டு விவரங்களைத் தொகுத்திருக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் வாசித்தவர் பெயரைத் தட்டினாலே அவருடைய எல்பிகள் வரிசையாக வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. 1960களில் பழைய மோனோ பதிவுகளை (இரண்டு பக்கமும் ஒரே ஒலி) மின்னணு வித்தையால் 'ஸ்டீரியோ' (இடமும் வலமும் வேறுவேறு ஒலி) ஆக்கி மறுபடி விற்றார்கள். குகைக்குள் பாடுகிற மாதிரி இருக்கும். அட்டையில் 'எலக்ட்ரானிக்' என்ற சொல்லும் 'ஸ்டீரியோ' என்ற சொல்லும் சேர்ந்து வந்தால் வாங்காதீர்கள்.

படி 2: கழுவுவது

காய்ச்சி வடித்த நீர் நாலு பங்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு. மென்மையான துணியால் பள்ளங்களின் போக்கிலேயே துடையுங்கள். லேபிள் நனையக் கூடாது.

படி 3: மோனோவாக்குவது

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். மூன்று முறை கழுவியும் கடுகு நிற்கவில்லை. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றே முடிவுகட்டி, கோபமாக ஒரு கடிதம்கூட எழுதி வைத்தேன். நல்லவேளை, அனுப்பவில்லை.

ஸ்டீரியோ எல்பி கடைகளுக்கு வந்ததே 1958 வாக்கில்தான். அதற்கு முந்தைய மோனோ தட்டில் ஊசி இடவலமாக அசைவது மட்டுமே பாட்டு. நம்மிடம் இருக்கும் ஸ்டீரியோ காட்ரிட்ஜோ (ஊசி பொருந்தியிருக்கும், அசைவை ஒலியாக்கும் சின்னப் பாகம்) மேலும் கீழுமான அசைவையும் சேர்த்துப் படிக்கும். மோனோ தட்டில் அந்தத் திசையில் பாட்டே கிடையாது. தூசி, தேய்மானம், மோட்டார் அதிர்வு, இவ்வளவுதான். இடது, வலது சேனல்களை ஒன்றாகக் கூட்டினால் பாட்டு அப்படியே நிற்கும். இரண்டு சேனலிலும் எதிரெதிராகப் பதியும் மேல்கீழ் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், முடிந்தது. இல்லையென்றால் கணினியில் பதிவுசெய்து, ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் ட்ராக்ஸ், மிக்ஸ், மிக்ஸ் ஸ்டீரியோ டவுன் டு மோனோ என்று போங்கள். நான் அழுத்திய நொடியில் அடுப்பு அணைந்தது. கென்னி மூச்சு இழுப்பது கேட்டது.

இரைச்சல் நீக்கும் ஃபில்டர்களை இதற்குமுன் தொடவே தொடாதீர்கள். கூடவே 'ஸ', 'ஷ' ஒலிகளையும் தின்றுவிடும். பெண்குரலில் அது போனால் பாதி உயிர் போன மாதிரி.

கருவி? சூட்கேஸ் பிளேயர் வேண்டவே வேண்டாம். காட்ரிட்ஜில் ஆடியோ டெக்னிகா விஎம்95 வரிசை என் தேர்வு. ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம்.

பிற்சேர்க்கை 1: கூட்டிய பிறகும் கரகரப்பு இருப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். பள்ளத்தின் ஒரு சுவர் மட்டும் அதிகம் தேய்ந்திருக்கலாம். அப்போது கூட்டக் கூடாது. இரண்டு சேனலையும் பிரித்துத் தனித்தனியே கேட்டு, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப்போடுங்கள். மோனோ என்பதால் பாட்டில் எதுவும் குறையாது.

பிற்சேர்க்கை 2: படி 2ஐப் படித்துவிட்டு ஒரு வாசகர் 78 ஆர்பிஎம் தட்டை (நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும், எல்பிக்கு முந்தைய வகை) ஆல்கஹாலில் கழுவிவிட்டார். தவறு என்னுடையது, சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தட்டுகள் பெரும்பாலும் அரக்கு, ஆல்கஹாலில் கரையும். அவற்றுக்கு வெறும் நீர் போதும், சட்டென்று துடைத்துவிடுங்கள். எல்பி ஊசியையும் அதில் வைக்காதீர்கள். 78இன் பள்ளம் அகலம். மூன்று மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசி வேண்டும். மேலே சொன்ன வரிசையில் அது எஸ்பி என்ற பெயரில் கிடைக்கிறது.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வாசித்தவர்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். என் கணினியில் லார்கின்ஸ் என்று தட்டினால் இப்போது மூன்று பாடகிகள் வருகிறார்கள்.