செல் சவ்விலிருந்து லிப்பிடைப் பிரித்தெடுக்கும் முறை

லிப்பிட் எனப்படும் கொழுப்புப் பொருள்களின் ஆய்வில் கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பிரித்தெடுப்பு கெட்டால் எல்லாம் கெட்டது. மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பற்றிக் கேட்டு வரும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது கண்ணாடிக் குழாயைத்தான். குளோரோஃபார்ம் பிளாஸ்டிக்கில் உள்ளதையெல்லாம் மாதிரிக்குள் இழுத்துவிடும். ஆகவே கண்ணாடிக் குழாய், டெஃப்லான் பதித்த மூடி. வேலை முழுக்க ஃபியூம் ஹூடுக்குள், அதாவது நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்புக்குள். நைட்ரைல் கையுறையில் குளோரோஃபார்ம் தெறித்தால் உடனே மாற்றுங்கள், சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும்.

இன்னொன்று: முழுச் செல்லைக் கரைத்தால் மைட்டோகாண்ட்ரியா, கொழுப்புத் துளிகள் எல்லாம் சேர்ந்தே வரும். செல்லின் வெளிச்சவ்வு மட்டும் வேண்டுமானால் முதலில் செல்லை உடைத்துச் சவ்வைத் தனியே பிரித்துக்கொள்ளுங்கள்.

பிளை, டையர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1959இல் காட் மீன் தசைக்காக வகுத்த முறையே இன்றும் என் முதல் தேர்வு. நீரில் கலந்த மாதிரி 0.8 மில்லி, அதில் மெத்தனால் 2 மில்லி, குளோரோஃபார்ம் 1 மில்லி. உள் தரநிலையாக, அதாவது ஒப்பிட்டுக் கணக்கிட, அளவு தெரிந்த ஒரு லிப்பிடையும் இப்போதே சேருங்கள். பிறகு சேர்த்தால் வழியில் இழந்ததைக் கணக்கிடவே முடியாது. நன்றாகக் குலுக்கினால் ஒரே தெளிந்த திரவமாக இருக்க வேண்டும். கலங்கலாக இரண்டாகப் பிரிந்து நின்றால் நீர் அதிகம், கொஞ்சம் மெத்தனால் விடுங்கள். அப்புறம் குளோரோஃபார்ம் 1 மில்லி, நீர் 1 மில்லி சேர்த்துக் குலுக்கி, மையவிலக்கியில் சுழற்றுங்கள்.

இப்போது மேலே நீரும் மெத்தனாலும், நடுவே வெள்ளைத் தட்டாகப் புரதம், அடியில் லிப்பிட் கரைந்த குளோரோஃபார்ம். பாஸ்டர் பிப்பெட் என்ற நீண்ட நுனிக் கண்ணாடி உறிஞ்சுகுழாயை மெல்லக் குமிழி விட்டுக்கொண்டே மேலடுக்கு வழியாக இறக்குங்கள்; நுனிக்குள் நீர் ஏறாது. புரதத் தட்டை ஓரமாகத் தாண்டி, அடித் திரவத்தை உறிஞ்சுங்கள். கடைசிச் சொட்டுவரை எடுக்க ஆசைப்பட வேண்டாம். புரதமும் கூடவே வந்துவிடும்.

நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்துங்கள், காற்றில் வேண்டாம். நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களை ஆக்சிஜன் விட்டுவைக்காது. உலர்ந்த படலத்தை உடனே குளோரோஃபார்மில் கரைத்து, நைட்ரஜன் நிரப்பி, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

தரம் பார்க்க, லிப்பிட் வகைகளைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் சிலிக்கா தட்டு போதும்: அதில் ஏறவிடும் கரைப்பான் குளோரோஃபார்ம், மெத்தனால், நீர் 65:25:4. அயோடின் ஆவியில் காட்டினால் கொலஸ்டிரால் உச்சியருகே, சவ்வின் முக்கிய லிப்பிட்களில் பாஸ்பாடிடைல்எத்தனாலமைன் நடுவில், பாஸ்பாடிடைல்கோலின் அதற்குக் கீழே பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். மாதிரி வைத்த தொடக்கக் கோட்டருகே லைசோபாஸ்பாடிடைல்கோலின் (ஒரு கொழுப்பு அமிலத்தை இழந்த பாஸ்பாடிடைல்கோலின்) தடித்து நின்றால், என்சைம் லிப்பிடை வெட்டியிருக்கலாம். அந்த மாதிரியை அடுத்த கட்ட ஆய்வுக்கு அனுப்பாமல், புதிதாக எடுத்த செல்களோடு மறுபடி தொடங்குங்கள்.