வேட்பாளர் செலவுக் கணக்கை நீங்களே எடுத்துப் பாக்குறது எப்படி? வடசென்னை ஆளுங்களுக்கு ஒரு வழிகாட்டி

தேர்தல் டைம்ல நம்ம பக்கம் காசு எப்படி புரளும்னு கொருக்குப்பேட்டைலயோ காசிமேட்டுலயோ இருக்கறவங்களுக்கு நான் சொல்லித்தர தேவையில்ல. 2017 ஏப்ரல்ல ஆர்.கே.நகர் இடைத்தேர்தலையே தேர்தல் கமிஷன் ரத்து பண்ணுச்சு, ஓட்டுப்பதிவுக்கு மூணே நாள் இருக்கறப்ப. ஏன்னா வருமான வரித்துறை ரெய்டுல சிக்குன பேப்பர்ல 89 கோடி ரூபா பட்டுவாடா கணக்கு இருந்துச்சுன்னு சொன்னாங்க, அப்போ ஒரு வேட்பாளர் சட்டப்படி செலவு பண்ணக்கூடிய மொத்த லிமிட்டே 28 லட்சம்தான். திரும்ப டிசம்பர் 21ல ஓட்டு நடந்தப்ப 20 ரூபா நோட்டை டோக்கனா குடுத்தாங்கன்னு அடுத்த புகார்.

இதையெல்லாம் டீக்கடைல பேசிப் பேசி நமக்கு பழகிப்போச்சு. ஆனா நம்மாளுங்கள்ல நிறைய பேருக்கு தெரியாத ஒண்ணு இருக்கு: ஒவ்வொரு வேட்பாளரும் தன் செலவுக் கணக்கை எழுதிக் குடுத்தே ஆகணும், அதை யார் வேணா பாக்கலாம், பாக்குறதுக்கு விதில போட்டிருக்க ஃபீஸ் ஒரு ரூபா. நம்ம தெருவுல நடந்தது என்னன்னு நமக்கு தெரிஞ்ச அளவுக்கு வேற எந்த அதிகாரிக்கும் தெரியாது, அதனால அந்தக் கணக்கை நாம பாக்கறதுலதான் அர்த்தமே இருக்கு. எப்படின்னு ஒண்ணொண்ணா சொல்றேன்.

ஸ்டெப் 1: எந்த ஆபீஸ்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

சட்டமன்றம், பார்லிமென்ட் ரெண்டுக்கும் இந்தியத் தேர்தல் ஆணையம். தொகுதிக்கு ஒரு தேர்தல் நடத்தும் அலுவலர் இருப்பாரு, அவருக்கு மேல மாவட்டத் தேர்தல் அலுவலர். சென்னைல மாவட்டத் தேர்தல் அலுவலர் கலெக்டர் கிடையாது, மாநகராட்சி கமிஷனர், அதாவது ரிப்பன் பில்டிங். ஆர்.கே.நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க.நகர், ராயபுரம், துறைமுகம் எல்லாம் இதுக்குள்ள வரும். திருவொற்றியூர், மாதவரம் ஆளுங்க கவனிங்க, மாநகராட்சிக்குள்ள இருந்தாலும் தேர்தல் கணக்குல உங்க தொகுதி திருவள்ளூர் மாவட்டம், அங்க கலெக்டர்தான், ரிப்பன் பில்டிங்குக்கு போய் நின்னா அலைச்சல்தான் மிச்சம்.

கவுன்சிலர் தேர்தல் முழுக்க வேற. அது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம், அதுக்கு லிமிட் வேற, ஃபார்ம் வேற. ஜெயிச்சு வந்த எம்எல்ஏவோ மந்திரியோ பதவில இருந்துக்கிட்டு லஞ்சம் வாங்குனா அதுக்கு ரூட்டே வேற: ஆலந்தூர்ல இருக்கற லஞ்ச ஒழிப்புத்துறை, இல்லன்னா ஊழல் புகாரை விசாரிக்க 2018ல சட்டம் போட்டு கொண்டுவந்த லோக் ஆயுக்தாங்கற அமைப்பு. லோக் ஆயுக்தா வரம்புல முதலமைச்சரே வர்றாரு. பொய்ப் புகார்னு நிரூபணம் ஆனா குடுத்தவருக்கு தண்டனை உண்டு, அதனால கைல பேப்பர் இல்லாம அங்க போகாதீங்க. இந்தப் பதிவுல நான் தேர்தல் செலவை மட்டும்தான் எடுத்துக்குறேன்.

ஸ்டெப் 2: அஃபிடவிட்டை இறக்கிக்கோங்க

வேட்புமனுவோட ஒவ்வொருத்தரும் படிவம் 26ன்னு ஒரு பிரமாணப் பத்திரம் குடுப்பாங்க. சொத்து, கடன், கடைசி அஞ்சு வருஷ வருமானம், மேல இருக்கற கேஸ், படிப்பு எல்லாம் அதுல இருக்கும், மனைவி, பிள்ளைங்க பேர்ல இருக்கற சொத்தும் சேர்த்து. 2002ல சுப்ரீம் கோர்ட் ஓட்டுப் போடறவனுக்கு இதைத் தெரிஞ்சுக்க உரிமை இருக்குன்னு சொன்னதாலதான் இது வந்துச்சு. தேர்தல் ஆணையத்தோட அஃபிடவிட் வெப்சைட்ல மாநிலம், தொகுதி செலக்ட் பண்ணா ஸ்கேன் காப்பி கிடைக்கும். மைநேத்தா சைட்ல இதையே டைப் பண்ணி போன தேர்தலோட கம்பேர் பண்ற மாதிரி போட்டிருப்பாங்க, புதுசா பாக்கறவங்களுக்கு அது ஈஸி. பொய்யா எழுதுனா மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தோட 125ஏ பிரிவுல ஆறு மாசம் வரை ஜெயில்.

ஸ்டெப் 3: எது கணக்குல வரும், எது வராது

இதை மட்டும் கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா இது புரியாம புகார் குடுத்தா முதல் நாளே தள்ளிடுவாங்க.

2022ல இருந்து தமிழ்நாட்டுல சட்டமன்ற வேட்பாளர் ஒருத்தருக்கு 40 லட்சம், பார்லிமென்ட்டுக்கு 95 லட்சம். வேட்புமனு போட்ட நாள்ல இருந்து ரிசல்ட் வர்ற நாள் வரை ஆகுற செலவுதான் இந்தக் கணக்கு, ரெண்டு நாளும் சேர்த்து. அதுக்கு முன்னாடி ஆறு மாசமா தெரு முழுக்க பேனர் கட்டியிருந்தா அது இதுல வராது, எனக்கு இதுல கடுமையான வருத்தம் உண்டு, ஆனா சட்டம் அப்படித்தான் இருக்கு. வேட்பாளர் இதுக்குன்னே தனி பேங்க் அக்கவுன்ட் ஓபன் பண்ணணும், 10,000 ரூபாய்க்கு மேல போற செலவை கேஷா குடுக்கக்கூடாது.

பெரிய ஓட்டை எங்கன்னா, கட்சிக்கு லிமிட்டே கிடையாது. வேட்பாளருக்கு 40 லட்சம், அவர் கட்சி எத்தன கோடி வேணா செலவு பண்ணலாம். அங்கீகாரம் பெற்ற கட்சி 40 ஸ்டார் பேச்சாளர்களை லிஸ்ட் குடுக்கலாம், அவங்க ஃப்ளைட்டு, ஹெலிகாப்டர் செலவு வேட்பாளர் தலைல விழாது. ஆனா அந்த ஸ்டார் வந்து நம்ம வேட்பாளரை பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டு பேசுனாலோ, வேட்பாளர் பேரோ போட்டோவோ மேடைல இருந்தாலோ அந்தக் கூட்டச் செலவு வேட்பாளர் கணக்குல ஏறணும். ஒரே மேடைல மூணு வேட்பாளர் இருந்தா மூணு பேருக்கும் பிரிச்சுப் போடுவாங்க. இதை மனசுல வச்சுக்கோங்க, அடுத்த ஸ்டெப்புல தேவைப்படும்.

ஸ்டெப் 4: உங்க தெருவுல நடக்கறதை எழுதி வைங்க

முழு தொகுதியையும் நீங்க பாக்க முடியாது, வேண்டவும் வேண்டாம். உங்க தெரு, உங்க வார்டு போதும். ஒரு நோட்டு போட்டு தேதி, டைம், இடம் எழுதுங்க, போன்ல போட்டோ எடுங்க.

தண்டையார்பேட்டைல ஒரு தெருமுனைக் கூட்டம் நடக்குதுன்னு வைங்க. மேடை எவ்ளோ நீளம், பிளாஸ்டிக் சேர் எத்தன வரிசை, ஒரு வரிசைல எத்தன, ட்யூப் லைட்டு, எல்இடி ஸ்க்ரீன், ஜெனரேட்டர், ஸ்பீக்கர் பாக்ஸ், ஆளுக்கு குடுத்த தண்ணி பாட்டில், பிரியாணி பொட்டலம், வேன்ல ஆள் வந்தா வண்டி நம்பர். சேரை ஏன் எண்ணச் சொல்றேன்னா, ஒவ்வொரு பொருளுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் தேர்தலுக்கு முன்னாடியே ஒரு ரேட் லிஸ்ட் போட்டிருப்பாரு, சேர் வாடகைல இருந்து டீ, பிரியாணி, மாலை, கொடி, ஆட்டோ வாடகை வரைக்கும். வேட்பாளர் "எனக்கு ஓசில குடுத்தாங்க"ன்னு சொன்னாலும் அந்த ரேட்டுப்படிதான் கணக்குல ஏத்தணும். உங்க நோட்டுல எண்ணிக்கை இருந்தா, ரேட் லிஸ்ட்டோட பெருக்கிப் பாத்தா அந்த ஒரு சாயங்காலத்துக்கு என்ன ஆகியிருக்கும்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்.

அடுத்தது போஸ்டர். நோட்டீஸோ போஸ்டரோ கைக்கு வந்தா முதல்ல அடில பாருங்க, பொடி எழுத்துல அச்சடிச்ச பிரஸ் பேரும் அட்ரஸும், வெளியிட்டவர் பேரும் அட்ரஸும் இருக்கணும், எத்தன காப்பி அடிச்சாங்கன்ற எண்ணிக்கையும் போடச் சொல்லி கமிஷன் உத்தரவு இருக்கு. அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தோட 127ஏ பிரிவு அது. பேர் இல்லாத போஸ்டர் சட்டப்படி குத்தம், ஆறு மாசம் வரை ஜெயில் இல்லன்னா 2,000 ரூபா ஃபைன், ரெண்டும் சேர்த்தும் குடுக்கலாம். பேர் இருந்தா போட்டோ எடுத்து வைங்க, எண்ணிக்கை 1,000ன்னு போட்டுட்டு மின்ட் ஏரியால இருந்து வியாசர்பாடி வரைக்கும் சுவர் முழுக்க ஒட்டியிருந்தா அதுவே ஒரு ஆதாரம்.

பிரசார வண்டிக்கு பர்மிட் உண்டு, அதை முன் கண்ணாடில ஒட்டியிருக்கணும். அப்புறம் பேஸ்புக், இன்ஸ்டா விளம்பரம்: மெட்டாவோட ஆட் லைப்ரரில அரசியல் விளம்பரத்துக்கு யார் காசு குடுத்தாங்க, சுமாரா எவ்ளோன்னு வரும், கூகுளுக்கும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு. லாகின் கூட தேவையில்ல.

ஸ்டெப் 5: காசு பட்டுவாடா நடந்தா சி-விஜில்

பணம், டோக்கன், மூக்குத்தி, குக்கர், எது குடுத்தாலும் அது செலவு லிமிட்டுக்குள்ள வர்ற விஷயமே இல்ல, நேரா குத்தம். குடுக்கறதும் குத்தம், வாங்கறதும் குத்தம், பழைய ஐபிசிக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதால ஒரு வருஷம் வரை ஜெயில் இருக்கு.

சி-விஜில்னு தேர்தல் கமிஷனோட புகார் ஆப் இருக்கு, அதுல போட்டோ எடுக்கலாம், இல்லன்னா ரெண்டு நிமிஷம் வரை வீடியோ. ஆப்புக்குள்ள இருந்தேதான் எடுக்கணும், கேலரில இருந்து ஏத்த முடியாது, எடுத்த உடனே அஞ்சு நிமிஷத்துக்குள்ள அனுப்பிடணும், லொகேஷன் தானா போயிடும். பறக்கும் படை வந்து பாத்து 100 நிமிஷத்துக்குள்ள பதில் சொல்லணும்னு கணக்கு. பேர் சொல்லாமலும் அனுப்பலாம், ஆனா அப்படி அனுப்புனா புகார் என்னாச்சுன்னு ஆப்ல ட்ராக் பண்ண முடியாது. நம்ம ஏரியால யார் போட்டுக் குடுத்தாங்கன்னு தேடுவாங்க, அதனால வீட்டுல பெரியவங்க, குழந்தைங்க இருக்கறவங்க பேர் சொல்லாமயே அனுப்புங்க, மாடில நின்னு எதிர் வீட்டு வாசலை வீடியோ எடுக்காதீங்க, ஆங்கிள் வச்சே கண்டுபிடிச்சுடுவாங்க. ஆப் வரலன்னா 1950க்கு போன் பண்ணுங்க. தேர்தல் நடத்தை விதி அமல்ல இருக்கற நாள்ல மட்டும்தான் இந்த ஆப் வேலை செய்யும்.

ஸ்டெப் 6: பிரசாரம் நடக்கும்போதே தினசரி கணக்கு

வேட்பாளர் தினமும் எழுதற ரிஜிஸ்டர்ல மூணு கலர் பக்கம் இருக்கும்: வெள்ளை பக்கம் தினசரி செலவு, பிங்க் பக்கம் கேஷ், மஞ்சள் பக்கம் பேங்க். பிரசார காலத்துல மூணு தடவை இதை செலவினப் பார்வையாளர்கிட்ட, அதாவது செலவைக் கண்காணிக்க கமிஷன் வெளியில இருந்து அனுப்புற அதிகாரிகிட்ட காட்டணும். அதிகாரிங்க தரப்புலயும் வீடியோ எடுக்கற டீம் இருக்கு, அவங்க பாத்ததை வச்சு தனியா ஒரு நிழல் பதிவேடு எழுதுவாங்க, ரெண்டையும் ஒத்துப் பாத்து குறைஞ்சா நோட்டீஸ் போகும். இந்தத் தினசரி கணக்கோட காப்பியை பக்கத்துக்கு ஒரு ரூபா கட்டி பொதுமக்கள் வாங்கலாம். நீங்க நோட்டுல எழுதுன கூட்டத்தோட தேதியை வெள்ளை பக்கத்துல தேடுங்க. அங்க இல்லன்னா அப்பவே பார்வையாளருக்கு எழுதுங்க, அவர் போன் நம்பரை தேர்தல் சமயத்துல பேப்பர்ல போடுவாங்க. ரிசல்ட்டுக்கு அப்புறம் அவர் ஊருக்கு போயிடுவாரு, அதனால இந்த ஸ்டெப்பை தள்ளிப் போடாதீங்க.

ஸ்டெப் 7: கட்சிக் காசு

20,000 ரூபாய்க்கு மேல நன்கொடை குடுத்தவங்க லிஸ்டை கட்சிங்க வருஷா வருஷம் கமிஷனுக்கு குடுக்கணும், கமிஷன் வெப்சைட்ல இருக்கும். நடுவுல பேங்க்ல வாங்கி கட்சிக்கு நன்கொடையா குடுக்கற தேர்தல் பத்திரம்னு ஒண்ணு வந்து யார் குடுத்தாங்கன்னே தெரியாம இருந்துச்சு, 2024 பிப்ரவரி 15ல சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் வெளிவந்த விவரத்துல திமுகவுக்கு 656.5 கோடி வந்ததும் அதுல 509 கோடி லாட்டரி கம்பெனியான ப்யூச்சர் கேமிங் குடுத்ததும் தெரிஞ்சுது, அதிமுகவுக்கு சுமார் 6 கோடி. எந்தக் கட்சிக்காரரா இருந்தாலும் உங்க கட்சியோடதை முதல்ல பாருங்க.

ஸ்டெப் 8: ரிசல்ட்டுக்கு அப்புறம், 30ம் 45ம்

ரிசல்ட் வந்து 30 நாளுக்குள்ள ஜெயிச்சவர், தோத்தவர், சுயேச்சை எல்லாரும் முழுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலர்கிட்ட குடுக்கணும். குடுக்கலன்னா மூணு வருஷம் போட்டி போட முடியாம தகுதி நீக்கம் பண்ண கமிஷனுக்கு அதிகாரம் இருக்கு. கணக்கு வந்த ரெண்டு நாளுக்குள்ள, அது வந்துருக்குன்னு அவர் நோட்டீஸ் போர்டுல அறிவிப்பு போடணும். அப்போ போய் இப்படி ஒரு மனு குடுங்க:

"ஐயா, நான் மேற்படி தொகுதி வாக்காளர். 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகள், விதி 88இன்படி, வேட்பாளர் திரு. ____ அவர்களின் தேர்தல் செலவுக் கணக்கைப் பார்வையிடவும் சான்றிட்ட நகல் பெறவும் விரும்புகிறேன். உரிய கட்டணம் செலுத்தத் தயாராக உள்ளேன்."

எந்தக் கட்சி சார்பா வந்திருக்கீங்கன்னு கேட்டா ஓட்டர் சார்னு சொல்லுங்க, விதில 'எந்த நபரும்'னுதான் இருக்கு. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி வெப்சைட்லயும் ஸ்கேன் பண்ணி போடுவாங்க, ஆனா கேஸுக்கு போறதா இருந்தா சான்றிட்ட நகல் வேணும்.

இப்ப அவசரம் எங்கன்னா, லிமிட்டைத் தாண்டி செலவு பண்ணது ஊழல் நடவடிக்கைன்னு சொல்லி ஹைகோர்ட்ல தேர்தல் வழக்கு போட 45 நாள்தான் டைம். கணக்கு வர்றது 30வது நாள்னா உங்களுக்கு மிச்சம் 15 நாள். அந்தத் தொகுதி வாக்காளரே வழக்கு போடலாம், டெபாசிட் 2,000 ரூபா, வக்கீல் ஃபீஸ் தனி. அதனால முதல் 30 நாள்லயே நோட்டையும் போட்டோவையும் தேதி வாரியா அடுக்கி ஒரு வக்கீல்கிட்ட பேசி வைங்க.

45 நாள் போயிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு இல்ல. கணக்கு உண்மையான்னு கமிஷனே விசாரிக்கலாம்னு 2014ல அசோக் சவான் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அதை மேற்கோள் காட்டி தேர்தல் ஆணையத்துக்கு எழுதலாம். எழுதும்போது "கோடிக்கணக்குல செலவு பண்ணாங்க"ன்னு எழுதாதீங்க, அது எடுபடாது. "இந்தத் தேதி, இந்தத் தெருமுனை, 600 சேர், எல்இடி ஸ்க்ரீன் ஒண்ணு, வேட்பாளர் மேடைல இருந்தாரு, கணக்குல அந்தத் தேதில பதிவே இல்ல, போட்டோ இணைப்பு"ன்னு எழுதுங்க. ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க, ஒண்ணுல தேதியோட சீல் வாங்கிக்கோங்க, தபால்னா ரசீது வர்ற மாதிரி ரிஜிஸ்டர் பண்ணுங்க. பதில் வரலன்னா அந்த சீல் தேதியைக் குறிப்பிட்டு 10 ரூபா கட்டி ஆர்டிஐ போடுங்க, 30 நாளுக்குள்ள உங்க மனு மேல என்ன நடவடிக்கை எடுத்தாங்கன்னு சொல்லணும்.