விளை மண்ணைக் கணிக்கையில் நேரும் தவறுகள்

குமரி மாவட்டத்தில் மண் அரிப்பைப் பார்க்க வருபவர்கள் முதலில் தேடுவது நீர் கிழித்த பள்ளத்தை. பள்ளம் இல்லையென்றால் விளை, அதாவது மேட்டுத் தோட்ட நிலம், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு வேறில்லை. பள்ளம் விழுவதற்கு வெகுகாலம் முன்பே மேல்மண் தோல் உரிவதுபோலப் பரவலாகக் கழுவிப் போய்க்கொண்டிருக்கும். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் கனத்துக்கு மண் போனால் ஏறக்குறைய 5 டன் போயிற்று என்று பொருள். நின்றபடி பார்த்தால் அது தெரியாது.

மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) பிடுங்கிய சரிவில், பெருமழைக்கு மறுநாள் காலை குந்தி உட்கார்ந்து பாருங்கள். சிறுகற்கள் ஒவ்வொன்றும் விரல் பருமனான மண் தூணின்மேல் நின்றுகொண்டிருக்கும். கல் மறைத்த மண் தப்பியது. சுற்றிலும் அந்தத் தூணின் உயரத்துக்கு மண் போய்விட்டது. மரத்தடியில் வெளியே தெரியும் வேரும், கீழ்க் கய்யாலையை (எல்லைச் சுவரை) ஒட்டி மேடேறிய மண்ணும் சொல்வது இதையேதான்.

ரப்பர் நிழல் மண்ணைக் காக்கும் என்பது பாதி உண்மை. உயர்ந்த கிளையிலிருந்து சொட்டும் நீர் பெருந்துளியாக விழுந்து மண்ணை அடிக்கிறது. தரையில் சருகோ மூடுபயிரோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மறுநடவு செய்த முதல் சில ஆண்டுகள்தான் மிக ஆபத்தானவை.

மாவட்டம் முழுவதற்கும் ஒரே மழைக் கணக்குப் போடுவதும் பிழை. இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழை. விளவங்கோட்டுச் சரிவும் ஆரல்வாய்மொழியின் காற்றடிக்கும் வறண்ட நிலமும் ஒன்றல்ல.

மண் மாதிரி எடுப்பதில் வழக்கமான பிழை, மேட்டு விளையின் மண்ணையும் கீழே ஏலாவின் (தாழ்ந்த நெல்வயலின்) மண்ணையும் ஒரே பொட்டலத்தில் கலப்பது. வரும் முடிவு இரண்டுக்கும் பொருந்தாது. வரப்போரம், எருக்குவியல், அண்மையில் உரமிட்ட இடம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். நெல்லுக்கு 15 செ.மீ. ஆழம் போதும்; தென்னைக்கு 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் தனித்தனியாக எடுக்க வேண்டும். நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவுக்குக் குறைத்து அனுப்புங்கள்.

முடிவு வந்ததும் மணிச்சத்துக் (பாஸ்பரஸ்) குறைவு என்ற வரியை மட்டும் படித்து உரத்தைக் கூட்டாதீர்கள். நம் செம்மண்ணில் அமிலத்தன்மை மிகுதி. அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே இருந்தால் முதல் வேலை சுண்ணாம்பு இடுவதுதான்.

ஏலாவில் நெல் இலை நுனியிலிருந்து செம்பழுப்புப் புள்ளி இறங்கினால், நோய் என்று மருந்தடிக்கும் முன் தேங்கிய நீரைப் பாருங்கள். மேலே எண்ணெய்போல் மினுங்கும் படலத்தைக் குச்சியால் கலைத்துப் பாருங்கள். மீண்டும் ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். கண்ணாடிச் சில்லுபோல் துண்டுதுண்டாக உடைந்து நின்றால் இரும்பு மிகுதி. அப்போது பயிருக்கு வேண்டியது மருந்தல்ல, வடிகால்.