தங்கச்சி கல்யாணத்துக்கு பியானோ + டிரம்பெட், நான் சமாளிச்ச விதம்

பாளையங்கோட்டைல சர்ச் கல்யாணம், நான் பியானோ, சித்தப்பா பையன் டிரம்பெட், ரெண்டு பேருமே சுமார் ரகம்தான். பொண்ணு உள்ள வர்றதுக்கு ஜெரமையா கிளார்க்கோட பிரின்ஸ் ஆஃப் டென்மார்க்ஸ் மார்ச்னு முடிவு பண்ணோம் (ரொம்ப வருஷமா இத பர்செல்ங்கற இன்னொரு இசையமைப்பாளர் எழுதினதுன்னே சொல்லிட்டு இருந்தாங்க).

முதல் ரிகர்சல்லயே சொதப்பல். நோட்ஸ் டி மேஜர் ஸ்கேல்ல, அவன் என் ஷீட்டயே எட்டிப் பாத்து ஊதுறான், கேக்க சகிக்கல. அவன்கிட்ட இருக்கறது பி பிளாட் டிரம்பெட், அதுல எழுதினத விட ஒரு முழு டோன் கீழதான் கேக்கும், அதனால அவனுக்கு ஈ மேஜர்ல எழுதணும், அதுல 4 ஷார்ப் (அரை டோன் ஏத்தி வாசிக்க வேண்டிய ஸ்வரம்). எழுதிக் குடுத்தேன், மேல போற எடத்துல உதடு தாங்கல, "அண்ணே, என்னால ஆகாதுண்ணே"ன்னுட்டான்.

அப்புறம்தான் பாட்ட அப்படியே வச்சிக்கிட்டு ஸ்கேல மட்டும் மாத்தினேன். பி பிளாட் மேஜருக்கு எறக்கினா அவனுக்கு சி மேஜர், ஷார்ப்பே கிடையாது. பியானோன்னு பேருதான், சர்ச்ல இருந்தது டிஜிட்டல், டிரான்ஸ்போஸ் மைனஸ் 4 (எத வாசிச்சாலும் நாலு அரை டோன் கீழ கேக்கும்) வச்சிட்டு நான் பழைய டி மேஜர் நோட்ஸயே வாசிச்சேன். ரிப்பீட் வர்ற எடமெல்லாம் நான் தனியா, அவன் உதட்டுக்கு ரெஸ்ட். ரிஜிஸ்டர்ல கையெழுத்து போடுறப்ப பாகெல்பெல் கேனன், அதுவும் பியானோ மட்டும்.

மே மாச வெயில், டிரம்பெட் சூடாகி சுருதி ஏறிடும்னு டியூனிங் ஸ்லைட (குழாய் நீளத்த கூட்டி சுருதிய எறக்குற பகுதி) லேசா வெளிய இழுத்து வச்சிக்கிட்டான். மெண்டல்சன் வெட்டிங் மார்ச் ஊதி முடிச்சதும் மாமா ஒருத்தர் வந்து, "பேண்டு செட்டு எப்பப்பா வரும்?"னாரு.