கார்த்திகையில் மிதக்கும் குளத்து ஷீட்

சித்திரை வெயிலில் குழி வெட்டியதுதான் நான் செய்த முதல் தவறு. கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் வீடு, தோட்டம் முழுக்க மணல். நாலடி வெட்டியும் ஊற்று கண்ணில் படவில்லை. 500 மைக்ரான் ஹெச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, அல்லி வைத்து, மீனும் விட்டாயிற்று. கார்த்திகையில் ஒருநாள் காலையில் பார்த்தால், குளத்து நடுவில் எருமை முதுகு மாதிரி கறுப்பாக ஏதோ எழும்பி நிற்கிறது. அல்லித் தொட்டி சாய்ந்து கிடக்க, மீனெல்லாம் ஓரத்து மடிப்புகளில். முந்தின நாள் சாயங்காலம்தான், இலைக்குப்பையை அள்ளலாமென்று பாதித் தண்ணீரை இறைத்திருந்தேன்.

ஷீட்டை அடியில் பிடித்து வைப்பது உள்ளே நிற்கும் தண்ணீர்தான். ஹெச்.டி.பி.ஈ. தண்ணீரைவிட லேசானது, தானாக மூழ்காது. வெளியே மண்ணிலிருக்கும் நீர்மட்டம் உள்மட்டத்தைவிட ஓரடி உயர்ந்தால், சதுர அடிக்குச் சுமார் 28 கிலோ வீதம் மேலே தள்ளும். பத்துக்கு எட்டு அடித்தளம் என்றால் இரண்டு டன்னுக்கு மேல். அதனால் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை குளத்தை இறைக்கவே கூடாது. சுத்தம் செய்வதெல்லாம் மாசி, பங்குனியில். வெள்ளம் வந்தாலும் இதே கதைதான். 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்படி ஒரு மழையில் குளத்துக்குள் சேறு புகத்தான் செய்யும். வெள்ளம் வடிந்ததும் அதை இறைக்கக் கை துறுதுறுக்கும். தெருவில் தண்ணீர் போயிருக்கலாம், மண்ணுக்குள் போயிருக்காது. பொறுங்கள்.

“நாலு கல்லைத் தூக்கி வையுங்க சார்” என்பார்கள். கருங்கல் தண்ணீருக்குள் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். ஓரடி வித்தியாசத்தைச் சமாளிக்கவே சதுர அடிக்கு 45 கிலோ கல் வேண்டும். அப்புறம் அது குளமா, ஜல்லி யார்டா? கம்பியால் ஒரு குத்துக் குத்தி அடித்தண்ணீரை உள்ளே விடச் சொன்னவரும் உண்டு. ஷீட் படியும், சரி. பங்குனியில் அதே ஓட்டை வழியாகக் குளம் காலி. தோட்டத்துக் குழாயைத் திறந்து குளத்தை மறுபடி நிரப்பியதுதான் அன்றைக்கு நான் சரியாகச் செய்த ஒரே காரியம். மத்தியானத்துக்குள் எருமை படுத்துவிட்டது.

வெட்டுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு உறைகிணற்றை எட்டிப் பாருங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறும் என்பதை உறையின் உள்பக்கத்தில் பாசிக்கறை கோடு போட்டுக் காட்டும். குளத்து விளிம்பு அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். வழிந்தோடும் குழாயும் அப்படித்தான். பலர் அதைத் தாழ்வாக வைத்து, குளம் நிரம்புவதற்குத் தாங்களே தடை போட்டுவிடுகிறார்கள்.

ஷீட்டுக்கு அடியில் ஓட்டை போட்ட பி.வி.சி. குழாயை ஜல்லியில் பதித்து, ஓர் உறைக்குள் வடித்து, மோட்டார் வைத்து இறைப்பது நல்ல ஏற்பாடு. அதை மட்டுமே நம்பினால் ஆபத்து. தண்ணீர் ஏறும் நேரமும் கரண்ட் போகும் நேரமும் இந்தக் கரையில் ஒன்றுதான். 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழிக்குள் பழைய தென்னை வேர், மட்கும் குப்பை எதையும் விடாதீர்கள். அது அழுகி வரும் வாயுவும் ஷீட்டைத் தூக்கும்.

இப்போது எங்கள் குளம் தரைக்குக் கீழே ஓரடி, மேலே செங்கல் கட்டி ஒன்றரை அடி. கட்டுச் சுவரில் உட்கார்ந்து மீனுக்குப் பொரி போட வசதியாக இருக்கிறது.