குழந்தை இருக்கிற வீட்ல கேம் ஆடுறது எப்படி

குழந்தை பொறந்ததும் கேமிங்குக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு கன்சோலை அலமாரில ஏத்திடுறவங்க நிறைய பேர், கேட்டா டைம் எங்க இருக்குன்னு சொல்வாங்க. டைம் குறைஞ்சது உண்மைதான், ஆனா அதைவிட பெரிய தொல்லை என்னன்னா கிடைக்கிற டைம் எப்ப அறுந்துபோகும்னு தெரியாது. ரெண்டு மணி நேரம் தூங்கும்னு நினைச்ச புள்ள இருபது நிமிஷத்துல எழுந்து உக்காந்து அம்மான்னு கூப்பிடும், அதே நேரம் பாத்து ஆபீஸ்லேந்து ஒருத்தர் "ஒரு சின்ன டவுட்"னு கால் பண்ணுவார். அதனால இனிமே ஒரு கேம் வாங்குறதுக்கு முன்னாடி கதை எப்படி கிராஃபிக்ஸ் எப்படின்னு பாக்குறதெல்லாம் அப்புறம், முதல்ல இதை நினைச்ச நொடில கீழ வைக்க முடியுமான்னு பாருங்க.

அதுக்கு மூணு வழி இருக்கு. பாஸ் போட்டு கேமை அப்படியே நிறுத்தி வைக்கலாம், நின்ன இடத்துலயே சேவ் பண்ணலாம், இல்லன்னா மெஷினையே தூங்க வச்சிட்டு அப்புறம் விட்ட இடத்துலேந்து தொடரலாம். மூணுல ஒன்னு இருந்தா போதும். உதாரணத்துக்கு எல்டன் ரிங்ல சாதாரணமா பாஸ் கிடையாது, குழந்தை உள்ள வீட்டுக்கு இது லாயக்கில்லைன்னு தோணும், ஆனா மெனுக்கு போய் க்விட் பண்ணா நீங்க நின்ன இடமே சேவ் ஆகும் (பெரிய வில்லனோட மோதுற பாஸ் ஃபைட் நடுவுலன்னா அந்த ஃபைட்டை மறந்துடுங்க). ஸ்டார்டியூ வேலி இதுக்கு நேர் எதிர், மெனுவ திறந்தா டைம் நின்னுடும் ஆனா அன்னிக்கு ராத்திரி போய் படுத்தாதான் சேவ், கேம்ல ஒரு முழு நாள்ங்கிறது நம்ம கணக்குல சுமார் 14 நிமிஷம். கேக்க கம்மியா இருக்கும், ஆனா பதினொன்னாவது நிமிஷத்துல புள்ள அழும்போது தெரியும் அந்த மூணு நிமிஷம் எவ்ளோ நீளம்னு.

இந்த எடத்துல கைகுடுக்கிறது ஸ்லீப் மோடு. நிண்டெண்டோ ஸ்விட்ச், ஸ்டீம் டெக்னு கைல வச்சு ஆடுற மெஷின் ரெண்டுலயும் பவர் பட்டனை ஒரு தட்டு தட்டினா அப்படியே உறைஞ்சு நிக்கும், பிஎஸ்5ல ரெஸ்ட் மோடு, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ்ல க்விக் ரெஸ்யூம். ஆனா ஸ்லீப் வேற சேவ் வேற. சார்ஜ் சுத்தமா இறங்கிட்டா ஸ்விட்ச்ல விட்ட இடம் போயிடும், அதனால சான்ஸ் கிடைக்கும்போது ஒரு சேவ் போட்டுடுங்க. ஆன்லைன் கேமுக்கு ஸ்லீப் உதவாது, கனெக்‌ஷன் அறுந்துடும்.

ஆன்லைன் ரேங்க்டு மேட்ச் (ஜெயிச்சா தோத்தா ரேங்க் ஏறி இறங்குறது) பத்தி என் கருத்து ரொம்ப சிம்பிள், வீட்ல இன்னொரு பெரியவங்க "நான் பாத்துக்கிறேன்"னு வாய் திறந்து சொல்லாதவரைக்கும் க்யூ போடாதீங்க. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் மாதிரி கேம்ல ஒரு மேட்ச் அரை மணி நேரம் தாராளமா ஓடும், நடுவுல எழுந்து போனா உங்களுக்கு பெனால்டி, கூட ஆடுற நாலு பேருக்கு மேட்சே நாசம், அவங்க வீட்லயும் புள்ளகுட்டி இருக்கலாம் இல்லையா. போட்டி ஆடியே ஆகணும்னு கை அரிச்சா ராக்கெட் லீக் பக்கம் போங்க, கடிகாரத்துல 5 நிமிஷம்தான் மேட்ச். ஹெட்செட் போட்டா ஒரு காதுல மட்டும் போடுங்க.

வேலை முடிஞ்சு வந்து ஆடுறதுல ஒரு தனி கஷ்டம் இருக்கு, மண்டை காலியா இருக்கும். நூறு மணி நேர ஆர்பிஜி (ஒரு பாத்திரமா மாறி நீளமான கதைக்குள்ள ஆடுற கேம்) ஒன்ன ஆரம்பிச்சு ரெண்டு வாரம் விட்டுட்டு திரும்ப வந்தா எந்த பட்டன் எதுக்குன்னே தெரியாது, யாரைத் தேடிப் போயிட்டு இருந்தோம்னும் தெரியாது. போன்ல ஒரு நோட் வச்சுக்கிட்டு நிறுத்தும்போது ஒரே ஒரு வரி அடிங்க, "பாலத்துக்கு அந்தப் பக்கம் கொல்லன், அவன்கிட்ட வாளை குடு"ன்னு, அவ்ளோதான். அடுத்த தடவை அரை மணி நேரம் மிச்சம். அப்புறம் டிஃபிகல்டியை குறைச்சுக்கோங்க. 2018ல வந்த செலஸ்ட்ல அசிஸ்ட் மோடுன்னு ஒன்னு இருக்கு, கேம் வேகத்தையே குறைச்சுக்கலாம், அவ்ளோ கஷ்டமான கேமை பண்ணவங்களே அதை வச்சிருக்காங்க, நமக்கென்ன வெக்கம்.

ராத்திரி எல்லாரும் தூங்கினதுக்கு அப்புறம் ஆடுறது சுகம்தான், ஆனா மறுநாள் காலைல புள்ள அஞ்சரைக்கே முழிச்சுக்கும், அதுக்கு நீங்க எத்தனை மணிக்கு படுத்தீங்கன்னு கவலை இல்ல. நிறுத்த வேண்டிய நேரத்துக்கு அலாரம் வச்சா வேலைக்கு ஆகாது, அப்ப நீங்க ஏதோ ஒன்னு நடுவுல இருப்பீங்க. அதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி வைங்க, அடிச்சா புதுசா எதையும் ஆரம்பிக்கக்கூடாதுன்னு அர்த்தம்.

வீட்ல இருக்கிறவங்க சங்கதி. மறைச்சு மறைச்சு ஆடினா கால் மணி நேரம் ஆடினாலும் கெட்ட பேர், முன்னாடியே சொல்லிட்டு ஆடினா ரெண்டு மணி நேரம் ஆடினாலும் யாரும் கேக்க மாட்டாங்க. "வெள்ளிக்கிழமை ராத்திரி 9லேந்து 11 என்னோடது, ஞாயித்துக்கிழமை காலைல உங்களோடது, அப்ப நான் உங்களை ஒரு வார்த்தை கூப்பிட மாட்டேன்"னு பேசி வச்சுக்கோங்க. அவர் தன் நேரத்துல சைக்கிள் ஓட்டட்டும், சும்மா மல்லாக்க படுத்திருக்கட்டும், அது அவர் இஷ்டம், அதுல மூக்கை நுழைச்சா உங்க வெள்ளிக்கிழமையும் போயிடும். ரெண்டு பேருமே ஆடுவீங்கன்னா 2021ல வந்த இட் டேக்ஸ் டூ பாருங்க, அதை தனியா ஆடவே முடியாது.

புள்ளைங்க கூட ஆடுறது எப்பன்னா, அவசரமே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, ரெண்டு வயசுக்கு கீழ ஸ்க்ரீனே கூடாது, ரெண்டுலேந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், கம்மியா இருந்தா இன்னும் நல்லதுன்னு. வயசு வந்ததும் டப்பா மேல இருக்கிற ரேட்டிங்கை பாருங்க, பெகின்னா (ஐரோப்பாவோட வயசு ரேட்டிங்) 3, 7, 12, 16, 18னு நம்பரே போட்டிருப்பாங்க.

ஆரம்பிக்க மரியோ கார்ட் 8 டீலக்ஸ் நல்லா இருக்கும். அதுல ஸ்மார்ட் ஸ்டியரிங்னு ஒன்னு, வண்டி ரோட்டை விட்டு விழாம தானே திருப்பிக்கும், கூடவே ஆட்டோ ஆக்ஸிலரேட் போட்டுட்டா பட்டனை பிடிச்சுட்டே இருக்கவும் வேண்டாம். சின்ன விரலுக்கு இது பெரிய உதவி. ஆனா ஸ்மார்ட் ஸ்டியரிங் ஆன்ல இருந்தா வண்டிக்கு பின்னாடி ஒரு ஆன்டெனா நீட்டிட்டு இருக்கும், எங்க வீட்ல ஒரு நாள் ரேஸை பாதில விட்டுட்டு டிவி கிட்ட போய் விரல் வச்சு, "அம்மா, உன் வண்டில மட்டும் ஏன் இந்த குச்சி இல்ல?"ன்னு கேள்வி. அந்த கேள்வி வந்தா ஆஃப் பண்ற நேரம் வந்தாச்சு. முதல் ரெண்டு நாள் வண்டி பள்ளத்துலதான் கிடக்கும், கிடக்கட்டும், அது ஆன்ல இருந்தா சில ஷார்ட்கட்டுக்குள்ள போகவே விடாது, எப்படியும் ஒரு நாள் ஆஃப் பண்ணித்தான் ஆகணும்.

நிறுத்தச் சொல்லும்போது "இன்னும் அஞ்சு நிமிஷம்"னு சொல்லாதீங்க, நமக்கே பாதி மேட்ச்ல புடுங்கினா எப்படி எரியும். "இந்த ரேஸ் முடிஞ்சதும்", "அடுத்த சேவ் பாயிண்ட்"னு கேமோட கணக்குலயே சொல்லுங்க, சண்டை பாதி குறையும். ஸ்விட்ச்சோட பேரண்டல் கன்ட்ரோல் ஆப்ல டைம் முடிஞ்சா அலாரம் மட்டும் காட்ற மாதிரியும் வைக்கலாம், கேமையே நிறுத்துற மாதிரியும் வைக்கலாம், அலாரம் போதும்னுதான் நான் சொல்வேன். காசு விஷயத்துல மட்டும் இந்த தாராளம் வேண்டாம், ஸ்டோர்ல கார்டை சேவ் பண்ணாதீங்க, ஒவ்வொரு பர்ச்சேஸுக்கும் பாஸ்வேர்ட் கேக்குற மாதிரி வைங்க. உள்ள என்ன வரும்னு தெரியாம காசு குடுத்து வாங்குற லூட் பாக்ஸை பெல்ஜியத்துல 2018லயே சூதாட்டம்னு சொல்லிட்டாங்க, அது இருக்கிற கேம்னா இன்னும் உஷார்.

கடைசியா சேல். பிசி கேம் விக்கிற ஸ்டீம் ஆன்லைன் கடைல ரீஃபண்டுக்கு ரெண்டு கண்டிஷன், வாங்கி 14 நாளுக்குள்ள இருக்கணும், ஆடினது 2 மணி நேரத்துக்குள்ள இருக்கணும். மத்தவங்களுக்கு அந்த 2 மணி நேரம்தான் சட்டுனு முடியும், நமக்கு முடியிறது 14 நாள். அதனால விலை குறைஞ்சிருக்குன்னு அள்ளிப் போடாதீங்க, விஷ்லிஸ்ட்ல கிடக்கட்டும், அன்னிக்கு ராத்திரியே ஆரம்பிக்க முடியும்னா மட்டும் வாங்குங்க. சேல் திரும்ப வரும்.